ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை?

"ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தை நான்கு சம பாகங்களாகப் பிரித்து இட வேண்டும்."

காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரை இது. வயலில் சோதித்துக் கண்டுபிடித்த விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை அப்படியே துண்டறிக்கையில் அச்சடித்து ஒரு விவசாயி கையில் கொடுத்தால் அவர் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு நிலம் ஹெக்டேர் கணக்கில் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மா, குழிதான். நூறு குழி ஒரு மா, மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். தழைச்சத்து (நைட்ரஜன்) என்று கடையில் எதுவும் விற்பதில்லை. அவர் வாங்குவது யூரியா, அதுவும் மூட்டையாக. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக அந்த 150 கிலோவை அவர் முதலில் ஏக்கருக்கு மாற்றணும், அப்புறம் மாவுக்கு மாற்றணும், 46 சதவீதத்துக்குக் கணக்குப் போடணும், நாலால் வகுக்கணும், கடைசியில் மூட்டை எடையால் வகுக்கணும். இத்தனையும் உரக்கடை வாசலில் நின்றுகொண்டு. யாராலும் ஆகிற காரியமில்லை. பக்கத்து வயல்காரர் எவ்வளவு போட்டார் என்று கேட்டு அதையே போடுவார்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் சொன்னதைப் போடுவார்கள்.

துண்டறிக்கை எழுதுகிற நாமே கணக்கைப் போட்டுவிட்டால் என்ன வருகிறது தெரியுமா? மாவுக்கு, ஒரு தவணைக்கு, 11 கிலோ யூரியா. அதாவது கால் மூட்டை. துண்டறிக்கையில் இப்படி எழுதினால் போதும்: "அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் மாவுக்குக் கால் மூட்டை யூரியா." டிஏபி, காம்ப்ளக்ஸ் உரம் போடுகிறவர்கள் அதில் இருக்கிற தழைச்சத்துக்கு ஏற்ப அடியுரத்தில் யூரியாவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அது இன்னொரு வரி. மண் பரிசோதனை செய்தவர்களுக்கு அந்த அட்டை சொல்வதுதான் கணக்கு, அது மூன்றாவது வரி. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

இந்தக் கால் மூட்டைக் கணக்கு சரியாகப் பொருந்துவது மூட்டை 45 கிலோ என்பதால். 2018-க்கு முன்னால் அது 50 கிலோ. பழைய துண்டறிக்கையை எழுத்து மாறாமல் திரும்ப அச்சடிக்கிற வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. எழுத்து மாறாவிட்டாலும் படிக்கிறவர் வீட்டு மூட்டை மாறியிருக்கிறது. அரை மூட்டை என்று அன்றைக்கு எழுதியது 25 கிலோ, இன்றைக்கு அதே அரை மூட்டை இருபத்திரண்டரை கிலோ.

நான் பல வருஷமாக டெல்டா விவசாயிகளுக்காகத் துண்டறிக்கை எழுதுகிறேன், வானொலிக்கு உரை எழுதுகிறேன். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திகளுக்கும் எழுதித் தருகிறேன். எழுத வந்த புதிதில் எல்லோரும் சொன்ன அறிவுரை, வாசகரை மனதில் வைத்து எழுது என்பது. சரி, எந்த வாசகரை? இந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருஷமும் வேலை செய்திருக்கிறேன்.

ஒரு துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் அதை மூன்று நான்கு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் அந்தத் துறையில் படித்தவர்கள். எழுதுகிறவர் கண்முன் நிற்பது அவர்கள்தான், ஏனென்றால் திருப்பி அனுப்பக்கூடியவர்கள் அவர்கள். "உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோரின் பிரதான உணவு நெல்" என்று தொடங்கும் துண்டறிக்கைகளை நிறையப் பார்த்திருப்பீர்கள். கும்பகோணம் பக்கத்தில் மூன்று தலைமுறையாக நெல் போடுகிறவருக்கு அந்த வரி எதற்கு? அது கையெழுத்துப் போடுகிறவர்களுக்காக எழுதியது. புகையான் என்ற பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் நிலபர்வதா லூகன்ஸ் என்று அறிவியல் பெயரைப் போடுவதும் அவர்களுக்காகத்தான். இரண்டு பக்கம் உள்ள தாளில் முதல் பக்கத்தில் பாதி இப்படிப் போய்விடுகிறது. மருந்து அளவு பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் உண்டு. 'விவசாயிக்குப் புரிகிற மாதிரி எளிமையாக' என்றதும் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல எழுதத் தொடங்கிவிடுவார்கள். இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எழுத்து கூட்டி வாசிக்கிறவருக்கு விஷயம் தெரியாது என்று நாமாக முடிவு கட்டிக்கொள்வது அது. நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதது ஹெக்டேர், சதவீதம், புதிதாக வந்த மருந்தின் அளவு, ஆராய்ச்சி நிலையத்தில் போன வருஷம் கண்டுபிடித்த விஷயம். எனக்குத் தெரியாதது அவர் வயல். தெரிந்ததைத் திரும்பச் சொல்லாமல் தெரியாததை மட்டும் நேராகச் சொன்னால் அவர் கவனித்துக் கேட்பார்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு கூட்டத்தில் இலைசுருட்டுப் புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பத்து சதவீத இலைச் சேதம் வந்த பிறகு மருந்து அடித்தால் போதும் என்பது பரிந்துரை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, பத்து சதவீதம்னா எந்த எலையைப் பாக்கச் சொல்றே? அடி எலையா, கண்ணாடி எலையா?"

அதைவிடச் சரியான கேள்வியை எந்த ஆய்வுக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. கதிருக்குக் காவலாக மேலே நிற்கிற கண்ணாடி இலைதான் மணிக்குப் பால் பிடிக்கச் சாப்பாடு தருவது. அடி இலை நாலு போனாலும் பயிர் தாங்கும், கண்ணாடி இலை போனால் மகசூல் போகும். பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது. வளர்ச்சிப் பருவத்தில் பத்து சதவீதம், கண்ணாடி இலை வந்த பிறகு ஐந்து சதவீதம். சுருக்கி எழுதுகிறோம் என்று பல துண்டறிக்கைகளில் இரண்டாவது பாதியை விட்டுவிடுவார்கள். அந்தப் பெரியவருக்குப் பதில் சொன்னபோது வாயில் வந்த வாக்கியத்தைத்தான் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன்: "பயிர் வளர்கிற காலத்தில் பத்து இலைக்கு ஒன்று சுருண்டிருந்தால் மருந்து. கண்ணாடி இலை வந்துவிட்டால் இருபது கண்ணாடி இலைக்கு ஒன்று. அதற்குக் குறைவாக இருந்தால் அடிக்க வேண்டாம்." இதில் சதவீதம் இல்லை. ஆனால் இது பழைய வாக்கியத்தைவிடக் கடினமான விஷயத்தைச் சொல்கிறது.

இனி இந்தத் தாள் எங்கே போகிறது என்று பார்ப்போம். கூட்டத்தில் வாங்கியவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் ஒன்பதாவது படிக்கிற மகள் வாசித்துக் காட்டுவாள், கண்ணாடி போடாமல் அவருக்குப் பொடி எழுத்து தெரியாது. மறுநாள் மருந்து அடிக்க வந்த ஆளிடம் அவர் வாயால் சொல்வார்: "டேங்குக்கு இவ்வளவு ஊத்து." அந்த ஆள் தன்னோடு அடிக்கிற இன்னொருவருக்குச் சொல்வார். ஆக என் எழுத்து வயலில் இறங்கும்போது மூன்று வாய் மாறியிருக்கும். தாளைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், அதன்படி வேலை செய்கிறவர் வேறொருவர். நான் மனதில் வைத்து எழுத வேண்டியது கடைசியில் டேங்கைத் தோளில் மாட்டுகிறவரை. அவர் அந்தத் தாளைப் பார்க்கவே போவதில்லை.

மூன்று வாய் மாறியும் மிஞ்சுவது எது? ஓர் அளவு, அந்த அளவுக்கான பாத்திரம், செய்யக் கூடாத ஒன்று. இவ்வளவுதான் மிஞ்சும். 'எனினும்', 'மேற்கூறிய', 'தேவைக்கேற்ப' எல்லாம் முதல் வாயிலேயே உதிர்ந்துவிடும். அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் நான் ஒரு வேலை செய்வேன். எழுதியதை ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவரை இன்னொருவரிடம் போய்ச் சொல்லச் சொல்வேன். அந்த இன்னொருவர் திரும்பச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வேன். என்ன விடுபட்டதோ அது அந்த வாக்கியத்தில் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வேப்பங்கொட்டைச் சாற்றை எடுத்துக்கொள்வோம். "5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கவும்" என்று எழுதுவார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்று பொருள். பத்து லிட்டர் கைத்தெளிப்பான் இருந்த காலத்தில் டேங்குக்கு அரை கிலோ என்று எழுதினால் போதும், ஏக்கருக்கு இருபது டேங்க். இப்போது ஊருக்கு ஊர் பேட்டரி ஸ்பிரேயர் வந்துவிட்டது, பெரும்பாலும் 16 லிட்டர் பிடிக்கும். அதில் அதே அரை கிலோவைப் போட்டால் சாறு நீர்த்துப் போகும், புழு சாகாது, "வேப்பங்கொட்டையெல்லாம் சும்மா" என்று ஒதுக்கிவிட்டு அடுத்த முறை கடைமருந்துக்குப் போவார்கள். ஆகவே இப்போது இரண்டு வரி எழுதுகிறேன். பத்து லிட்டர் டேங்குக்கு அரை கிலோ, மாவுக்கு ஏழு டேங்க். பதினாறு லிட்டர் டேங்குக்கு முக்கால் கிலோவும் ஒரு கைப்பிடியும், மாவுக்கு நாலு டேங்க். முதல் நாள் ராத்திரியே இடித்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், காலையில் துணியில் வடிகட்ட வேண்டும், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால்தான் துணி தேடி எடுப்பார்கள்.

கடைமருந்து என்றால் இன்னும் கவனம் வேண்டும், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்துபோனார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். அவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாத கூலியாட்கள். மருந்துப் புட்டியோடு எச்சரிக்கைத் தாள் வருவது சட்டப்படி கட்டாயம், பல மொழிகளில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சாகி மடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தாள் போய்ச் சேருவது மருந்தை வாங்கியவரிடம். அடித்த ஆளுக்கு மூடி திறந்த புட்டியும் ஒரு வாளித் தண்ணீரும்தான் கிடைக்கிறது.

படிக்காதவர்களுக்காகவே புட்டியில் வண்ண முக்கோணம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. நல்ல யோசனைதான். ஆனால் அந்த வரிசையை யாராவது வாயால் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பச்சை என்றால் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டு வெறும் கையால் கலக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சையும் விஷம்தான், குறைந்த விஷம், அவ்வளவுதான். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறேன், கேட்கிறவர்களிடம் "மருந்து அடிக்க வர்ற ஆளுக்குச் சொல்லுங்க" என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

'பாதுகாப்பு உடை, கையுறை, முகக்கவசம் அணியவும்' என்று எழுதிவிட்டால் எழுதியவர் கடமை முடிந்துவிடும். புரட்டாசி வெயிலில், முழங்கால் சேற்றில், கூலிக்கு அடிக்கிறவரிடம் அதெல்லாம் எங்கே இருக்கிறது? இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதைச் சொன்னால் அவர் கேட்பார். காற்று முகத்துக்கு வராமல் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நடக்க வேண்டும். குச்சியால் கலக்க வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. கை கழுவாமல் பீடி பற்ற வைக்கக் கூடாது. தலை சுற்றினால் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துப் புட்டியையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அந்தக் கடைசி வரி அவர் உயிரைக் காப்பாற்றக்கூடியது, ஏனென்றால் என்ன மருந்து என்று தெரியாமல் டாக்டர் தடுமாறுவார். உடையும் கையுறையும் வாங்கித் தர வேண்டியது நிலத்துக்காரர். அந்த வரியை அவருக்கென்று தனியாக எழுதுகிறேன்.

மருந்துப் பெயரை மட்டும் நான் கடைக்காரருக்காக எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, "கடையில் இதைக் காட்டவும்" என்று தலைப்பிட்டு, மருந்தின் வேதிப்பெயரும் அளவும் இருக்கும். ஒரே தாளில் மூன்று பேருக்கு எழுத வேண்டியிருக்கிறது, மூன்றும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாய் வழியாகப் போகிற பேச்சின் பலம் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அந்த ரகத்தைப் பற்றித் தொடர்ந்து பேசியது. தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணும் எழுத்துமாக இருந்த ஒரு ரகம், கேட்டவர் வாயில் வேறு பெயர் எடுத்துக்கொண்டு வயல் வயலாகப் போய்ச் சேர்ந்தது. வானொலிக்கு எழுதுகிறபோது இதை நான் மறப்பதில்லை. கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, மோட்டார் ஓடுகிற சத்தத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் பொருளை முதலில் சொல்லி அளவைப் பின்னால் சொல்வேன், அளவை இரண்டு தரம் சொல்வேன். 'ஒன்றரை' என்று எழுதாமல் 'ஒரு லிட்டரும் ஒரு அரை லிட்டரும்' என்று எழுதுவேன், முதல் எழுத்து காற்றில் போனால் 'அரை' மட்டும் காதில் விழும்.

வியட்நாமில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மெக்காங் டெல்டாவில் விதைத்த சில வாரங்களிலேயே இலைசுருட்டுப் புழுவுக்கு மருந்து அடிக்கிற வழக்கம் இருந்தது. இளம்பயிரில் இலை கொஞ்சம் போனாலும் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும், அந்த மருந்தால் சிலந்திகள்தான் சாகும், சிலந்தி போன இடத்தில் புகையான் பெருகும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. எல். ஹியோங்கும், பிலிப்பைன்ஸைச் சேர்ந்த தொடர்பியல் பேராசிரியர் மோனினா எஸ்கலாடாவும் அங்குள்ளவர்களோடு சேர்ந்து 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் ஒரு பிரசாரம் நடத்தினார்கள். சிலந்தி, புகையான், சூழலியல் என்று இவ்வளவையும் விளக்கப் போகவில்லை. விதைத்து 40 நாளுக்குள் இலைசுருட்டுப் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்ற ஒரே விஷயத்தை வானொலிச் சிறு நாடகங்களிலும் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் சொன்னார்கள். இதை நம்பச் சொல்லவில்லை, உங்கள் வயலில் ஒரு மூலையில் மட்டும் அடிக்காமல் விட்டு அறுவடையில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். மருந்து அடிக்கிற தடவை பாதியாகக் குறைந்தது. கேட்கிறவர் தன் வயலைப் பற்றித் தானே முடிவெடுக்கத் தெரிந்தவர் என்று எண்ணி எழுதிய பிரசாரம் அது. எனக்கு இந்தத் தொழிலில் அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

படிக்கிறவர் யார் என்பதோடு அவர் எப்போது படிக்கிறார் என்பதும் சேர்ந்தது. இதில்தான் இந்த வருஷம் மும்முரமாக இருக்கிறேன். புகையானைத் தடுக்க நல்ல வழி, நடும்போதே எட்டடிக்கு ஓரடி நடாமல் சந்து விடுவது, அதாவது பட்டம் விடுவது. காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை போனால் புகையான் அவ்வளவாகத் தங்காது. இந்த யோசனை புகையான் துண்டறிக்கையில்தான் இருக்கும், அந்தத் துண்டறிக்கை புகையான் வந்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் கைக்குக் கிடைக்கும். அப்போது பயிர் இடுப்பளவு நிற்கும். பட்டம் எங்கே விடுவது?

தவிர, பட்டம் விடுவது நிலத்துக்காரர் கையில் இல்லை. நட்டுக்கொண்டு பின்னால் நகர்கிற பெண்கள் கையில் இருக்கிறது. கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மன்பேட்டைப் பக்கம் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா சொன்னார்: "பேப்பரெல்லாம் அவங்ககிட்ட போவுது. எங்ககிட்ட நாத்துக்கட்டுதான் வருது." பட்டம் விட்டால் நடுகிற நாற்றுக் குத்து குறையுமே, நிலத்துக்காரர் சத்தம் போடுவாரே என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலை. அதற்குப் பதில் எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை.

ஆகவே இந்தச் சம்பாப் பருவத்துக்கு இரண்டு குரல் செய்திகள் தயாராகின்றன. ஒன்று நிலத்துக்காரர்களுக்கு, நாற்றங்காலில் விதை விட்ட வாரத்திலேயே போகும்: பட்டத்தில் போகிற குத்துக்காகப் பயப்பட வேண்டாம், ஓரக் குத்துகள் நன்றாகத் தூர் கட்டும், மருந்து அடிக்கவும் உரம் போடவும் நடக்க வழி கிடைக்கும், நடவு ஆட்களிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று நடவு ஆட்களைக் கூட்டி வருகிற அக்காக்களுக்கு, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக. எட்டடி என்பதை அவர்கள் எதைக் கொண்டு அளப்பார்கள் என்று கேட்டேன். எட்டு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டு வரப்பிலும் பிடித்தால் போதும் என்றார்கள். கயிற்றைப் பற்றிய அந்த வரியை அவர்களில் ஒருவரே தன் குரலில் பேசிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார், செய்தியின் முதல் வரியாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.